"டெஸ்டிங்ல போட்டுட்டாங்க"



பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து பணி ஒதுக்கும் நாளில், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் வீட்டுக்குப் பேசுவார்: "டெவலப்மென்ட் கிடைக்கலம்மா, டெஸ்டிங்ல போட்டுட்டாங்க." வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடும். கோட் எழுதுகிறவர் படைப்பாளி, அதைச் சோதிக்கிறவர் எடுபிடி என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. "பட்டனை அழுத்திப் பாக்குற வேலைதானே" என்று கல்யாண வீட்டில் யாராவது ஒரு சித்தப்பா கேட்டும் விடுவார்.

இந்த உரை அந்தப் புதியவருக்கானது. பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகும், அடுத்து எந்த ஆட்டோமேஷன் கோர்ஸில் சேரலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் மூத்தவருக்கும்தான். ஒரு சோதனையாளர் வளர்ந்திருக்கிறாரா என்பதை அவர் ரெஸ்யூமேயில் அடுக்கிய கருவிகளின் பெயர்கள் காட்டுவதில்லை. பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று ஊகிக்கும் திறன் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் திறனைக் கற்றுத்தரும் சிறந்த பாடநூல்கள், நடந்த விபத்துகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகள். அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனை. அங்கே இருந்தது ஏ.இ.சி.எல். என்ற கனடா அரசு நிறுவனம் தயாரித்த தெரக்-25 கதிர்வீச்சு இயந்திரம். அதை இயக்கிய பெண் கைதேர்ந்தவர். விசைப்பலகையில் விரல்கள் பறக்கும். அன்று வந்த நோயாளிக்கு எலக்ட்ரான் கதிர் தர வேண்டும். அவரோ எக்ஸ்ரேவுக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேதான் என்பதால் கை பழகிவிட்டது. தவறைக் கண்டதும் அம்புக்குறி விசையால் மேலே போய் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார். மற்ற வரிகளை எண்டர் தட்டித் தாண்டினார். கதிரைச் செலுத்தும் கட்டளையைக் கொடுத்தார். திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று வந்தது. அப்படி என்றால் என்ன என்று விளங்கும்படி கையேட்டில் எதுவும் இல்லை. அந்த இயந்திரம் எதையாவது சொல்லி அடிக்கடி நிற்பது வழக்கம். தொடரச் சொல்லும் விசையைத் தட்டினால் சரியாகிவிடும். தட்டினார். உள்ளே படுத்திருந்தவருக்கு 180 ராட் அளவுக் கதிர் போக வேண்டிய இடத்தில் பல்லாயிரம் ராட் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையை மறுபடி வரவழைக்க அவர்களால் முடியவில்லை. இந்த இயந்திரம் அளவுக்கு மீறிக் கதிரைச் செலுத்த வாய்ப்பே இல்லை என்றார்கள். மின் அதிர்ச்சியாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஏப்ரலில் இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11 அன்று அதே 54, இன்னொரு நோயாளி.

மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை உடனே நிறுத்தினார். மென்பொருள் சோதனை அவர் தொழில் அல்ல. அவர் செய்தது எளிய காரியம்: இயக்கிய பெண்ணோடு உட்கார்ந்து, அவர் எந்த வரிசையில் எதைத் தட்டினார் என்று கேட்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். கடைசியில் பிடிபட்டது. சூட்சுமம் வேகத்தில் இருந்தது. கதிரை வழிநடத்தும் காந்தங்கள் தம் நிலைக்கு வர சுமார் 8 வினாடி ஆகும். அதற்குள் திருத்தத்தை முடித்துவிட்டால் திரையில் புதிய எழுத்து இருக்கும், இயந்திரத்துக்குள் பழைய அமைப்பு அப்படியே நிற்கும். ஹேகர் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். எங்களுக்கு அப்படி வரவில்லையே என்று மறுநாள் அங்கிருந்து பதில். வேகமாகத் தட்ட வேண்டும் என்று விளக்கினார். அவர்களுக்கும் வந்தது.

பொறியாளர்கள் மெதுவாகத் தட்டினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவர்கள் அந்தத் திரையை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்கள் இல்லை. கற்றுக்குட்டிக்கு வராத பிழை, கைதேர்ந்தவருக்கு மட்டும் வந்தது. "படி 1, படி 2, படி 3" என்று எழுதிய எந்த டெஸ்ட் கேஸிலும் "படி 2ஐ 8 வினாடிக்குள் முடிக்கவும்" என்று இருந்திருக்காது. பயன்படுத்துகிறவரின் பக்கத்தில் போய் உட்காராத சோதனையாளருக்கு இந்தப் பிழை கடைசி வரை சிக்காது.

அந்த விபத்துகளை ஆய்வாளர்கள் நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முந்தைய மாடலான தெரக்-20இலும் இதே கோளாறு இருந்தது. ஆனால் அதில் தனியாக வன்பொருள் பூட்டுகள் இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி, யாருக்கும் காயம் இல்லை. மென்பொருளை நம்பி அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டதுதான் 25. இன்னொன்று, மென்பொருளை 2,700 மணி நேரம் சோதித்ததாக நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் சொன்னது. மருத்துவமனைக்காரர்கள் துருவிக் கேட்டதும், அது சோதனை நேரம் அல்ல, பயன்பாட்டு நேரம் என்று தெளிவுபடுத்தினார். "எத்தனை டெஸ்ட் கேஸ் ஓட்டினீர்கள்" என்று வாராந்தரக் கூட்டத்தில் எண்ணிக்கை கேட்டு நிம்மதியாகிவிடும் மேலாளர்கள் அந்த 2,700ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹேகர் செய்ததை இந்தத் தொழிலில் ரிப்ரொடியூஸ் செய்வது என்பார்கள். சோதனையாளரின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும் இதைச் சார்ந்தது. "லாகின் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரியில் எழுதிய பக் ரிப்போர்ட்டை டெவலப்பர் "என் மெஷின்ல ஓடுதே" என்று அரை நிமிடத்தில் மூடிவிடுவார். எந்த பில்ட், எந்த பிரவுசர், என்ன டேட்டா, எந்த வரிசை, என்ன எதிர்பார்த்தது, என்ன நடந்தது என்று எழுதியதை அப்படி மூட முடியாது. அதைவிட ஒரு படி மேலே, எந்தச் சூழலில் பிழை வரவில்லை என்பதையும் எழுதுகிறவர் இருக்கிறார். அவருடைய ரிப்போர்ட் வந்தால் டெவலப்பர் காபியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். நல்ல பக் ரிப்போர்ட் எழுதக் கற்பதற்குச் செலவு எதுவும் இல்லை; ஆனாலும் இந்தப் பயிற்சியைத் தரும் நிறுவனங்கள் குறைவு.

கண்ட பிழையை விவரிப்பது ஒன்று, எங்கே தேடுவது என்று யோசிப்பது இன்னொன்று. கணினி அறிஞர் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் எழுதிய சோதனைக் கலை நூலின் தொடக்கத்திலேயே ஒரு புதிர் வைத்தார். ஒரு நிரல் மூன்று முழு எண்களை வாங்கிக்கொண்டு, அவை ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் என்று கொண்டு, மூன்றும் சமமா, இரண்டு சமமா, மூன்றும் வேறா என்று சொல்லும். இதை எப்படிச் சோதிப்பீர்கள்? பெரும்பாலோர் 3, 4, 5 என்பார்கள். 5, 5, 5 என்பார்கள். 5, 5, 3 என்பார்கள். அத்தோடு பேனாவை மூடிவிடுவார்கள். 1, 2, 3 கொடுத்தால்? இரண்டு பக்கம் சேர்ந்து மூன்றாவதற்குச் சமம், அது முக்கோணமே ஆகாது. 5, 5, 3 சரி. 3, 5, 5? 5, 3, 5? பூஜ்யம்? கழித்தல் எண்? இரண்டே எண் கொடுத்தால்? மையர்ஸ் இப்படி 14 கேள்விகளால் மதிப்பெண் போட்டார். அனுபவமுள்ள நிரலாளர்கள் சராசரியாக வாங்கியது 7.8 என்று எழுதியிருக்கிறார். பதினான்காவது கேள்வி சுவையானது: ஒவ்வொரு சோதனைக்கும் என்ன விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதினீர்களா? எழுதாதவர்கள், வந்த விடையைப் பார்த்து "ம், சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டிவிடும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

அப்படித் தலையாட்டியதன் விலை என்ன? 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9:39க்கு கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறு கோப்பை உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் பலருக்கு நினைவிருக்கும்.

நிறுவனமே பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையைச் சோதனையாளர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும். அந்த வகைக் கோப்புக்கு 21 உள்ளீடுகள் என்று வரையறுத்திருந்தார்கள். அவற்றைக் கொடுக்க வேண்டிய கோட் 20ஐ மட்டுமே கொடுத்தது. சோதனை நடக்காமல் இல்லை, நடந்தது. ஆனால் சோதனையில் 21ஆவது இடத்தில் வைல்ட்கார்டு போட்டிருந்தார்கள், அதாவது எது வந்தாலும் சரி. எது வந்தாலும் சரி என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மார்ச், ஏப்ரலில் அனுப்பிய கோப்புகளிலும் அப்படித்தான், எல்லாம் பச்சை. ஜூலை 19 அன்று முதல்முறையாக அந்த இடத்தில் குறிப்பான ஒரு மதிப்பு வந்தது. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போன நிரல், நினைவகத்தின் எல்லையைத் தாண்டிக் கால் வைத்தது. கோப்பை முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் வழக்கமும் அந்த வகைக் கோப்புக்கு இருக்கவில்லை.

சோதனையாளர் முதிர்வதற்கான அடையாளம் இந்த இடத்தில் இருக்கிறது. இளையவர் "எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்று மெயில் அனுப்புவார். மூத்தவர், எதெல்லாம் சோதிக்கப்படவில்லை என்று இரண்டாவது பத்தி எழுதுவார். இந்த இரண்டாவது பத்தியை எழுதும் துணிச்சலுக்குத்தான் லீட், ஆர்க்கிடெக்ட் என்றெல்லாம் பட்டம் கொடுத்துச் சம்பளம் கூட்டுகிறார்கள். அல்லது கூட்ட வேண்டும். அந்தப் பத்தி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு: 1996 ஜூன் 4 அன்று ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிகூட ஆகாமல் சிதறியது. ஏரியான்-4இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதைக்கு ஏற்ற எண்களைக் கொடுத்து அதை ஓட்டிப் பார்க்கவில்லை. பழைய ராக்கெட்டைவிடக் கிடைவேகம் கூடிய இதில், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் வழிந்தது. "அது ஏற்கெனவே டெஸ்ட் பண்ணினதுதான்" என்ற பேச்சு எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடியது.

இனி கருவிகள். 2000களில் சென்னையில் சோதனை வேலை தேடியவர்களுக்கு க்யூடிபி என்பது மந்திரச் சொல். மெர்க்குரி இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு அது. வேளச்சேரிப் பயிற்சி நிலையங்களில் அதற்காகவே கூட்டம் அலைமோதியது. 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தன் சொந்தத் தேவைக்காக ஒரு கருவி எழுதினார். மெர்க்குரி என்றால் பாதரசம்; பாதரச நஞ்சுக்கு செலினியம் மாற்று என்ற வேடிக்கையில், மெர்க்குரியைக் கிண்டலடித்து அதற்கு செலினியம் என்று பெயர் வைத்தார்கள். இலவசம், யாரும் திருத்தலாம். சில ஆண்டுகளில் வேலை விளம்பரங்களில் க்யூடிபி இருந்த இடத்தை செலினியம் பிடித்தது. 2018இல் அதன் அடிப்படையான வெப்டிரைவர் உலகளாவிய இணையத் தரநிலையாகவே ஆனது. 2020இல் மைக்ரோசாஃப்டின் பிளேரைட் வந்தது. இப்போது விளம்பரங்கள் அதைக் கேட்கின்றன. க்யூடிபியின் மெனுக்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நிரலாக்கத்தையும், பிரவுசரும் சர்வரும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதையும் கற்றவர்கள் ஒரு மாதத்தில் மாறிக்கொண்டார்கள்.

ஆகவே ஆட்டோமேஷன் கற்க வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று வேறு பதில் இல்லை, கற்கத்தான் வேண்டும். 2014இல் மைக்ரோசாஃப்டே பல பிரிவுகளில் டெஸ்டர் பொறுப்பை டெவலப்பர் பொறுப்போடு இணைத்துவிட்டது. கோட் எழுதத் தெரியாத சோதனையாளருக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் செய்வது, நேற்று சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதற்கே ரெக்ரஷன் என்று பெயர். நேற்று யாரும் யோசிக்காததை அது தானாக யோசிக்காது. கிரௌட்ஸ்டிரைக்கின் வைல்ட்கார்டு சோதனையை ஆயிரம் முறை தானியங்கியாக ஓட்டியிருந்தாலும் ஆயிரம் முறையும் பச்சைதான்.

இப்போது ஏஐ கருவிகளிடம் கோடைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் நாற்பது டெஸ்ட் எழுதித் தருகின்றன. நேரம் மிச்சம், சந்தேகமில்லை. அலுப்பூட்டும் டேட்டா தயாரிப்பை அவற்றிடம் தள்ளிவிடுவது நல்லதும்கூட. சிக்கல் மையர்ஸின் பதினான்காவது கேள்வியில்தான் வருகிறது. கோடைப் படித்து எழுதிய டெஸ்ட், கோட் என்ன செய்கிறதோ அதையே சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். வட்டிக் கணக்கில் லீப் ஆண்டை மறந்த கோடுக்கு, லீப் ஆண்டை மறந்த டெஸ்ட் வரும், இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும். சரியான விடை எது என்று வங்கித் தொழில் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் வங்கி, காப்பீடு, மருத்துவம், தொலைத்தொடர்பு என்று ஏதாவது ஒரு துறையில் ஆழமாக இறங்கிய சோதனையாளர்களுக்கு, கருவி மட்டும் தெரிந்தவர்களைவிட நடுவயதில் வேலைக்கவலை குறைவு.

சான்றிதழ் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வு 40 கேள்வி, 65 விழுக்காடு வாங்கினால் தேர்ச்சி. பொதுவான சொற்களைக் கற்றுத்தரும். எச்ஆர் வடிகட்டியைத் தாண்ட உதவும். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் புகழவோ இகழவோ ஒன்றுமில்லை. சான்றிதழ் இல்லாமலும் வளரலாம். பள்ளிப்படிப்பையே முடிக்காத ஜேம்ஸ் பாக் 1987இல் ஆப்பிளில் சோதனைப் பிரிவு மேலாளரானார். தானாகவே படித்துக் கற்றவர், பின்னாளில் இத்துறையின் முக்கியச் சிந்தனையாளர்களில் ஒருவரானார். 2009இல் பெங்களூரில் சில சோதனையாளர்கள் வீக்கெண்ட் டெஸ்டிங் என்று தொடங்கினார்கள்: வார இறுதியில் இணையத்தில் கூடி, ஒரு மென்பொருளை ஒரு மணி நேரம் எல்லோரும் சோதிப்பது, பிறகு யார் எப்படி யோசித்தார்கள் என்று பேசுவது. செலவில்லாத பயிற்சி, வெளிநாடுகளுக்கும் பரவியது.

கடைசியாக, தமிழ் தெரிந்த சோதனையாளருக்குக் கையிலேயே இருக்கும் ஒரு முதலீடு. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் வந்தால் ஐபோன் செயலிகள் சுருண்டு விழுந்தன, ஐஓஎஸ் 11.2.6 வந்த பிறகே சரியானது. ஆப்பிளின் சோதனை வரிசையில் அந்த எழுத்து இடம்பெற்றிருந்தால் அது வெளியே வந்திருக்காது. தமிழிலும் இத்தகைய முட்டுச்சந்துகள் உண்டு. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8இல் சேமித்தால் 15 பைட். 20 பைட் ஒதுக்கிய பெயர்க் கட்டத்தில் ஆங்கிலப் பெயர் அழகாக உட்காரும், தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு கடைசி எழுத்து கட்டமாகத் தெரியும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் 70 குறியீடுதான், ஒரு செய்தியின் கட்டணம் மூன்றாகலாம். "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடுபொறி அவற்றை ஒருமைப்படுத்தாவிட்டால் "கொடைக்கானல்" என்று தேடுகிறவருக்கு அங்குள்ள விடுதிகளில் பாதிதான் கிடைக்கும்.

பெயரே ஒரு பெரிய சோதனைக் களம். குடும்பப்பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் படிவத்தின் முன்னால், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் விழிப்பது அன்றாடக் காட்சி. முதலெழுத்தைப் போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்கிறது. சொந்தப் பெயரையே இரண்டாம் முறை போட்டால் விமானச் சீட்டில் ஒருவர் இரட்டைப் பெயரோடு நிற்கிறார். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, பயண முகவர்கள் அலறியது ஞாபகம் இருக்கலாம். வெளிநாட்டுச் சோதனையாளருக்கு இதை யாராவது விளக்க வேண்டும். இங்கே உள்ளவருக்கு வீட்டிலேயே ரேஷன் கார்டு, ஆதார், பான் என்று மூன்று விதமாக எழுதிய அப்பாவின் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகம் போனதும் டெஸ்ட் டேட்டா கோப்பைத் திறந்து பார்க்கலாம். அதில் பெயர் என்ற பத்தியில் இன்னும் ஜான் ஸ்மித் மட்டும்தான் இருக்கிறாரென்றால், அப்பாவின் மூன்று பெயர்களையும் அதில் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.